சிவப்புப் பல்பொடி

எங்கள் வீட்டில் காலையில் எல்லோரும் சிவப்பாகத்தான் துப்புவோம். ராயப்பன்பட்டியில் நான் பிறந்த வீட்டிலும் அப்படித்தான். கம்பத்தில் கடை வைத்து, கல்யாணமாகி, தனி வீடு பார்த்து வந்த பிறகும் அப்படித்தான். காவி நிறத்தில் ஒரு பல்பொடி. மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். உள்ளங்கையில் கொஞ்சம் தட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்த்துத் துப்பினால் செங்கல்லைக் கரைத்த தண்ணீர் மாதிரி வரும். பின்வாசல் குழாயடிச் சிமெண்டுத் தரை அந்த நிறத்தில் ஊறிப் போயிருந்தது. வீட்டுக்குள் வாஷ்பேசின் வைத்தபோது வெள்ளை வேண்டாம் என்று சொல்லி, மெரூன் நிறத்தில் ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தினாள் என் மனைவி. கறை தெரியாது என்று.

அந்த வாஷ்பேசினை இப்போது கழற்றி மொட்டைமாடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். துணி காயப்போட மேலே போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. எடுத்துத் தூரப் போடவும் மனம் வரவில்லை.

கம்பத்தில் எனக்கு உரம், பூச்சிமருந்துக் கடை. விவசாயப் படிப்புப் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் கடை வைத்தவன். திராட்சைத் தோட்டக்காரர்கள் பாலித்தீன் பையில் இலையைப் போட்டு எடுத்து வருவார்கள். வாங்கியதும் நான் முதலில் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். அடிச்சாம்பல் நோய் அங்கேதான் தொடங்கும். மேலே மஞ்சள் புள்ளி தெரியும்போது கீழே வெள்ளைப் பூசணம் ஏற்கெனவே பிடித்திருக்கும். "எலயத் திருப்பிப் பாத்தீகளா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது கேட்பேன். பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைத் திட்டியும் இருக்கிறேன்.

எனக்கு ஒரே மகள். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். முதலில் பட்டப்படிப்பு, பிறகு அங்கேயே ஆசிரியர் பயிற்சி. அவள் விடுதிக்குப் போன புதிதில் ஒருநாள் அம்மாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"அம்மா, பல்லு வெளக்குனா ரத்தமா வருதும்மா."

"எதப் போட்டு வெளக்குற?"

"இங்க எல்லாரும் போடுற பேஸ்ட்டுதான். வெள்ள பேஸ்ட்டு."

"அதான் பாரு. பழக்கமில்லாதத வாய்ல வச்சா புண்ணாத்தான் போகும். நம்ம பொடிய அப்பாகிட்டச் சொல்லிக் குடுத்து விடுறேன்."

மதுரைக்குச் சரக்கு எடுக்கப் போன பக்கத்துக் கடைக்காரரிடம் நான்தான் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினேன். கூடவே சீடையும் இருந்தது. கொஞ்ச நாள் கழித்து என் மனைவி விசாரித்தாள். "இப்ப ரத்தம் வருதா?"

"தெரியலம்மா. இல்லன்னுதான் நெனைக்கிறேன்."

"பாத்தியா, நான் சொன்னேன்ல."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 'தெரியலம்மா' என்று அவள் சொன்னது அப்போது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. காவித் தண்ணீரில் ரத்தம் எப்படித் தெரியும்?

அடுத்த சில வருடங்களில் கண்ணெதிரே நடந்தவற்றை எல்லாம் நாங்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டோம். சிரிக்கும்போது அவள் கையால் வாயை மூடத் தொடங்கினாள். "இப்பத்தான் பிள்ளைக்கு அடக்கம் வருது" என்றாள் என் மனைவி. எந்நேரமும் வாயில் ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டிருந்தாள். என் மைத்துனர் குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் கணக்குப் பார்ப்பவர், மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வரும்போது கைநிறையக் கொண்டுவந்து தருவார். ஏலக்காய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சமே கிடையாது. அவள் பேசும்போதெல்லாம் வாசம் வரும். "பாயசம் பேசுது பாருங்க" என்று நான் கேலி செய்வேன், அவளும் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். விடுமுறைக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால், சின்ன வயதிலிருந்து நாக்கை நீட்டி நற்கருணை வாங்கியவள், இரண்டு கைகளையும் குவித்து அதில் வாங்கினாள். டவுனில் அப்படித்தான் வழக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்குடன் கடைக்கு வந்தாள். அப்போது வாழைத் தோட்டக்காரர் ஒருவர் தன் வீட்டுக் கொய்யாவைப் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார். "ஏத்தா, எடுத்துக்க. எங்க வீட்டு மரத்துது" என்றார். அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தோட்டக்காரர் பழத்தைப் பார்த்தார். "என்னத்தா இது, செவப்புக் கொய்யாவா? எங்க மரம் வெள்ளைல்ல?"

அவள் குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சதையில், பல் பதிந்த இடம் முழுக்க ரத்தம். சட்டென்று உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே. உதட்டக் கடிச்சிட்டேன்."

தோட்டக்காரர் நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. உதட்டைக் கடித்தவர்கள் உதட்டைத்தான் தொடுவார்கள். அவள் பழத்தை மறைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வாயைக் காட்டச் சொன்னேன். முடியாது என்றாள். கெஞ்சினேன். கடைசியில், "திட்டக் கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பற்களில் ஈறு இறங்கி, பற்கள் நீளமாகத் தெரிந்தன. உட்பக்கம் முழுக்க கருமஞ்சளாக ஏதோ படிந்து கெட்டியாகி இருந்தது. ஈறு கன்றிய நிறத்தில் வீங்கியிருந்தது. ஏலக்காய் வாசத்துக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது.

"இங்கன பாருங்க" என்று சொல்லி நாக்கால் உள்ளிருந்து தள்ளினாள். நடுப்பல் அசைந்தது.

பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "எத்தன நாளா?"

"ரொம்ப நாளாவேப்பா."

"ஏன் ஆத்தா சொல்லல?"

"நம்ம வீட்ல எல்லாருக்கும் விழுறதுதானே? எனக்குக் கொஞ்சம் சீக்கிரமா விழுது போலன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. மழை வரும் போல என்று சொல்வது மாதிரிதான் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது, இன்றைக்கும் உலுக்குகிறது. எங்கள் குடும்பத்தில் நாற்பதைத் தாண்டினால் பல் நிற்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. என் அப்பாவுக்கு நின்றதில்லை, சித்தப்பாக்களுக்கு நின்றதில்லை. ராயப்பன்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குப் பல்செட்டு. எனக்குத்தான் இன்னும் முறை வரவில்லை. தலை வழுக்கையாவதைப் போல, நரைப்பதைப் போல அதையும் எடுத்துக்கொண்டோம். கல்யாணப் பேச்சில்கூட, "பல்ல மட்டும் பாக்காதீக, மத்ததெல்லாம் கெட்டி" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை என் மகள் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள்.

கம்பத்தில் பல் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, ஈறுக்கென்றே தனியாகப் படித்த மருத்துவர் தேனியில் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அந்த டாக்டரம்மா என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். ஊசி மாதிரி மெல்லிய, கோடுகள் போட்ட ஒரு கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளந்துகொண்டே எண்களைச் சொன்னார். உதவிக்கு நின்ற பெண் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"மூணு, ரெண்டு, மூணு. மூணு, மூணு, நாலு. ஆறு, அஞ்சு, ஏழு."

எனக்கு எதுவும் புரியவில்லை. மதிப்பெண்களாக இருக்கும், கூடினால் நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஏழு என்று சொன்னபோது என் மகளின் கால்விரல்கள் மடங்கின. அப்போதுதான் கூடினால் நல்லதில்லை என்று தெரிந்தது.

முடித்துவிட்டு டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எல்லாருக்கும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும் சார். மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பயமில்ல. அதுக்கு மேல ஆழமாச்சுன்னா, உள்ள எலும்பு கரையுதுன்னு அர்த்தம்." எக்ஸ்ரேயைத் திரையில் காட்டினார். பற்கள் தூண்கள் மாதிரி நின்றன. அவற்றைப் பிடித்திருக்க வேண்டிய எலும்பு, கடைவாயில் முதல் பற்களைச் சுற்றியும் கீழ் முன்பற்களைச் சுற்றியும் கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது. கரை அரித்த ஆற்றோரத்தில் வேர் தெரிய நிற்கும் மரங்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

பல்லின் மேல் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும் என்றார். தேய்த்து எடுக்காவிட்டால் அது கெட்டியாகிக் காரையாகும். பிறகு பிரஷ் போட்டாலும் போகாது. அதிலிருக்கும் கிருமியோடு ஈறு சண்டை போடும். வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். அந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் நோய் எலும்புக்கு இறங்கும். இறங்கிய எலும்பு தானாக ஏறி வராது. வலி மட்டும் இருக்காது.

"வலிக்காததுதான் சார் இதுல கஷ்டமே. ரத்தம் வர்றது ஒண்ணுதான் இது நமக்குச் சொல்ற சேதி. வீட்ல எதுல பல் தேய்ப்பீங்க?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"செவப்புப் பொடியா?"

"ஆமாங்க."

"பொடி இந்த நோயக் கொண்டு வரல. மறைச்சிருச்சு. அதோட, வெரலால தேய்ச்சா பல்லோட முகம்தான் சுத்தமாகும். ஈறோரத்துக்கும் பல்லிடுக்குக்கும் வெரல் போகாது."

நான் குடும்பக் கதையைச் சொன்னேன். பரம்பரை என்றேன். "இருக்கலாம் சார்" என்றார். "சில குடும்பங்கள்ல இது சின்ன வயசுலயே வேகமா வரும். வரக்கூடிய தன்மை பரம்பரைல வரலாம். பல்லு விழுந்தே ஆகணும்ங்கறது பரம்பரை இல்ல. உங்களுக்கு முன்னாடி யாரும் காட்டல, அவ்வளவுதான்."

கீழ் முன்பற்கள் இரண்டைப் பற்றி மட்டும் அவர் உறுதி சொல்லவில்லை. காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். மற்றவற்றைக் காப்பாற்ற முடியும், உடனே தொடங்கினால். முதலில் ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், நான்கு பகுதிகளாகப் பிரித்து, மரத்துப்போக ஊசி போட்டு. பிறகு தேவைப்பட்டால் ஈறைத் திறந்து ஒரு சின்ன அறுவை.

பஸ்ஸில் திரும்பினோம். சின்னமனூரில் பஸ் நின்றபோது அவள் கேட்டாள். "ஜூலைல பயிற்சிக்கு ஸ்கூல்ல போயி நான் பாடம் எடுக்கணும்ப்பா. பல்லில்லாம எப்பிடி எடுப்பேன்?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "விழாது ஆத்தா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன ஆதாரம் இருந்தது?

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று ராயப்பன்பட்டிக் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். சேதியைக் கேட்டதும் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள்.

"ஏலே, படிச்சவன்தானா நீ? நல்லாருக்குற பல்லக் கொண்டுபோயி மிசின்ல குடுக்கப் போறியாக்கும்? மிசின் போட்டாத்தான் பல்லு ஆடும். என்னயப் பாரு. உத்தமபாளையத்துல போயி க்ளீன் பண்ணிட்டு வந்தேன். ஒரே வருசம். அம்புட்டும் கொட்டிருச்சு."

"டாக்டரம்மா அப்பிடிச் சொல்லலக்கா."

"அவுக எப்பிடிச் சொல்லுவாக? பெறகு பல்செட்டும் அவுககிட்டத்தான வாங்கணும்?" பல்செட்டை நாக்கால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். "டக்டக்குங்குது. பிள்ளைக்கும் இந்த வயசுல மாட்டி விடப் போறியா? உப்பும் மஞ்சளும் போட்டு வெதுவெதுன்னு கொப்பளிக்கச் சொல்லு. ஆடுற பல்லத் தொடாம விட்டாலே அது பாட்டுக்கு நிக்கும்."

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் இதைத்தான் சொல்வார்கள். ரத்தம் வரும் இடத்தில் விரலை அழுத்தாதே, ஆடும் பல் பக்கம் மெல்லாதே, மிஷினுக்கு மட்டும் கொடுக்காதே.

வைத்தியத்துக்காக அவள் மதுரையிலிருந்து அடிக்கடி வீட்டுக்கு வந்துபோனாள். அடுத்த வாரம் முதல் பகுதியைச் சுத்தம் செய்தார்கள். கீழ்வரிசை. மரப்பு இறங்கியதும் அவள் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அப்படியே நின்றாள். பற்களுக்கு நடுவில் கறுப்பாக இடைவெளிகள். முன்பு காரை அடைத்திருந்த இடமெல்லாம் திறந்து கிடந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உச்சந்தலைவரை கூசியது. நாக்கால் தள்ளிப் பார்த்தாள். முன்பைவிட அதிகமாக ஆடியது.

"அத்தை சொன்னது சரிதான்ப்பா. இப்பத்தான் நல்லா ஆடுது. நான் இனி வரல."

"வீக்கம் வத்துறவரைக்கும் அப்பிடி இருக்கும்னு சொன்னாகளே."

"உங்களுக்கு என்ன, சொல்லுவீங்க. எம் பல்லுல்ல ஆடுது."

உண்மையைச் சொன்னால், எனக்கே பயமாக இருந்தது. கடையில் மருந்து தெளித்த பிறகு இலை கொட்டினால் தோட்டக்காரர்கள் வந்து சண்டை போடுவார்கள். "ஒங்க மருந்துதான் எலயக் கொட்டிருச்சு" என்பார்கள். ஏற்கெனவே செத்த இலைதான் விழுகிறது, கொடி பிழைக்கும் என்று நிதானமாக விளக்குவேன். அதே வார்த்தைகளை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிள்ளையின் பல் என்று வந்தால் அந்த விளக்கம் எதற்கும் உதவவில்லை. அடுத்த தேதியைப் போன் செய்து தள்ளிப் போட்டேன். பிறகு அதற்கடுத்த தேதியையும் தள்ளிப் போட்டேன். அவள் கஞ்சியும் குழைந்த சோறுமாகச் சாப்பிட்டாள், அதைப் பார்த்துக்கொண்டு எங்களாலும் வேறு எதையும் சாப்பிட முடியவில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைச் செபத்துக்கு ராயப்பன்பட்டி போயிருந்தோம். முடிந்ததும் அக்கா வீட்டில் சுக்குக்காப்பி. அக்கா என் மகளின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னத்தா, நான் சொன்னேன்ல? ஆடுதா இல்லயா?"

"ஆடுது அத்தை."

"ம். சொன்னா யாரு கேக்குறா?"

மகள் காப்பியை ஆற்றிக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பது மாதிரிக் கேட்டாள். "அத்தை, நீங்க க்ளீன் பண்ணப் போனீகள்ல? அப்ப ஒங்க பல்லு கெட்டியா இருந்துச்சா?"

"கெட்டியா இருந்தா நான் ஏன் போறேன்? ஆடிக்கிட்டுத்தான கெடந்துச்சு. முறுக்குத் திங்க முடியல, ஒரே நாத்தம், ஒங்க மாமா பக்கத்துல உக்கார மாட்டேங்குறாக. அதுக்குத்தான் போனேன். பின்ன, ஆடாத பல்லுக்கு எவ டாக்டரத் தேடிப் போவா?"

சொல்லி முடித்துவிட்டு அக்கா காப்பியைக் குடித்தாள். என் மனைவி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். மகள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுக்குப் பெறகு திரும்பவும் போய்க் காமிச்சீகளா அத்தை?"

"எதுக்கு? அவுக வரச் சொல்லத்தான் செஞ்சாக. ஒருக்கா போயி ஆட்டிவிட்டது பத்தாதா?" அக்காவுக்கு என்னவோ பட்டிருக்க வேண்டும். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்னலே எல்லாரும் இப்பிடி முழிக்கிறீக?" என்றாள். பிறகு, குரல் இறங்கி, "முன்னாடியே ஆடுச்சுதான்" என்று தனக்கே சொல்வது மாதிரிச் சொன்னாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் எனக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மகள், "திங்கக்கெழம தேதி கேளுங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

மற்ற மூன்று பகுதிகளையும் தவக்காலம் முடிவதற்குள் சுத்தம் செய்தோம். கடைவாயில் ஒரு பக்கம் மட்டும், ஈஸ்டர் முடிந்த பிறகு ஈறைத் திறந்து சுத்தம் செய்து தைத்தார்கள். உறுதி சொல்லாத இரண்டு பற்களில் ஒன்று நின்றுவிட்டது. இன்னொன்று நிற்கவில்லை. அதை எடுத்த அன்று நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா அந்தப் பல்லின் வேரை வெட்டிவிட்டு, மேல்பகுதியை அதே இடத்தில் வைத்து, உட்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் பேசும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

"அங்கயே பாக்காதீங்கப்பா" என்பாள்.

மெரூன் வாஷ்பேசினைக் கழற்றிவிட்டு வெள்ளை வாஷ்பேசின் பொருத்தினோம். பல்பொடிப் பொட்டலங்களை என் மனைவி ஒரு பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். இப்போது மூன்று பேருக்கும் மெல்லிய நாருள்ள பிரஷ். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, பிரஷைச் சாய்த்து, நார்முனை ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் படுமாறு வைத்து, அழுத்தாமல் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். காலையிலும் ராத்திரி படுக்கப் போகுமுன்பும். பால்புட்டி கழுவும் பிரஷைப் பொம்மை அளவுக்குச் சிறிதாக்கியது போல ஒன்று இருக்கிறது, அதைப் பல்லிடுக்கில் விட்டு எடுக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடக் கூடாது. அங்கேதான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும். நாங்கள் காலங்காலமாகச் செய்துவந்ததற்கு நேர் எதிர். இதெல்லாம் சின்ன வேலைதான். ஆனால் இது முடிகிற வேலை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும், வாழ்நாள் முழுக்க. நோய் போய்விட்டது என்று டாக்டரம்மா ஒருநாளும் சொல்லவில்லை. அடங்கியிருக்கிறது என்றுதான் சொல்கிறார்.

அவள் பல் தேய்க்கும்போது நான் குளியலறை வாசலில் போய் நிற்பேன். துப்பியதை எட்டிப் பார்ப்பேன். இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை, கால்கள் தாமாகப் போய்விடும். ஒருநாள் காலையில், வாயில் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். துப்பிவிட்டு, "வெள்ளதான்ப்பா. பாத்துக்கிட்டீகளா?" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குழாய் ஓடும் சத்தம் கேட்டது. நான் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஜூலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போனாள். முதல்நாள் சாயங்காலம் போன் செய்து, பிள்ளைகள் தனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டதாகச் சொன்னாள். "என்ன பேரு?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "விசில் டீச்சர். 'ச' சொல்லும்போது விசில் வருதாம்." சொல்லிவிட்டு அவள்தான் சிரித்தாள். சுத்தம் செய்த பிறகு திறந்துகொண்ட அந்த இடைவெளி வழியாகக் காற்று போகிறது. எனக்குச் சிரிப்பு வர ரொம்ப நேரமாயிற்று.

மழைக்காலத்தில் மறுபடி அளந்தார்கள். நான் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "மூணு, மூணு, ரெண்டு. நாலு, மூணு, மூணு." இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணும் எனக்குப் புரிந்தது. ஒரே ஒரு ஐந்து வந்தது. அடுத்தது மூன்று. முடித்துவிட்டு டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "நல்லா வச்சிருக்காங்க சார். அந்த அஞ்சு இருக்குற எடத்த மட்டும் பாத்துக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இன்னும் காட்டலையே?"

முதல்நாளே சொல்லியிருந்தார், பெற்றோர் இருவரும் காட்ட வேண்டும் என்று. என் மனைவி அப்போதே காட்டிவிட்டாள். அவளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நான்தான் திராட்சைக்கு மருந்தடிக்கிற நேரம், கடையை விட முடியாது என்று சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரைக்கும் ஈறுக்கும் ஆகாது, ஒன்று கெட்டால் மற்றதையும் கெடுக்கும் என்று அவர் விளக்கியதும் காதில்தான் விழுந்திருந்தது.

"இன்னொரு நாளைக்கு..." என்று இழுத்தேன்.

மகள் இருக்கையிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "இன்னைக்கே காட்டுறாக டாக்டர். எந்திரிங்கப்பா."

"கடையில ஆளில்ல ஆத்தா."

"எலயத் திருப்பிப் பாத்தீகளான்னு ஊரையே கேக்குறீகள்ல? ஏறிப் படுங்க."

ஏறிப் படுத்தேன். விளக்கு முகத்தில் விழுந்தது. என் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பி ஈறுக்குள் இறங்கியது. "நாலு, அஞ்சு, நாலு. ஆறு, ஆறு, அஞ்சு." என் கால்விரல்கள் தாமாக மடங்கின. கண்ணை ஓரமாகத் திருப்பி அவளைப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் முகத்தில் ஏதோ ஓடியது. பழைய வழக்கப்படி கை வாய்வரை உயர்ந்தது. பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது.

"துப்புங்க சார்" என்றார் டாக்டரம்மா.

எழுந்து பக்கத்திலிருந்த வெள்ளைக் கிண்ணத்தில் துப்பினேன். சிவப்பு. காவி இல்லை, செங்கல் நிறமில்லை. என் வாயிலிருந்து வருவதன் நிறத்தை இந்த வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எவ்வளவு நாளாக வருகிறதோ. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகள் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"பாத்தாச்சுல்ல? தண்ணிய ஊத்திக் கொப்பளிங்க. இன்னும் மேல்வரிச கெடக்கு."